எட்டு லட்சத்துக்கு ஒரு தொப்பி

எட்டு லட்சம் ரூபாய் கொடுத்து என் புருஷன் வாங்கி வந்த பொருள் ஒரு தொப்பி. பள்ளிவாசலுக்குப் போட்டுக்கொண்டு போகிற தொப்பி என்றாலாவது நன்மை கிடைக்கட்டும் என்று விட்டிருப்பேன். இது முன்பக்கம் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நீலத் தொப்பி. நெற்றியில் ஒரு தென்னை மரம், மரத்தின் கீழே உருண்டு போகச் சில்லு வைத்த ஒரு பெட்டி, அதற்கும் கீழே 'நீலக்கரை கரவன்' என்று எழுத்து. அலுமாரியில் தன் சாரங்களுக்கு அடியில், பொலித்தீன் பையில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார்.

நான் தொப்பியைத் தேடிப் போகவில்லை. வங்கிப் புத்தகத்தைத் தேடிப் போனேன். கூரை மரத்துக்குக் காசு கேட்டு மேசன் வாசலில் வந்து நின்றார். புத்தகத்தைத் திறந்தால், கூரைக்கென்று வைத்திருந்த எட்டு லட்சம் இருபத்தாறு நாளைக்கு முன்பே வெளியேறியிருந்தது. மேசனுக்கு ஏதோ ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். என் புருஷன் ஆதம்பாவா அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?" என்றேன்.

"தொப்பி."

"தொப்பி எண்டு எனக்கும் விளங்குது. கூரைக் காசு எங்க?"

அவர் கோப்பையை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அட்வான்ஸ் போட்டிருக்கன்."

கரவன் என்றால் என்னவென்று அவர் எனக்கு விளக்கினார். வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற வீடாம். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ், மடித்து வைக்கிற மேசை. வெள்ளைக்காரர் அதற்குள் படுத்து எழும்பி உலகத்தைச் சுற்றுகிறார்களாம். முழு விலை முப்பத்திரண்டு லட்சம், முற்பணம் எட்டு. ஓய்வு பெற்ற பிறகு கைத்தொலைபேசியில் இந்தக் கண்ணராவிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஏதோ மார்க்கப் பயான் கேட்கிறார் என்று நினைத்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி, கொளுவி இழுக்கிறது எண்டா, எதால இழுக்கப் போறீங்க? எங்கட வீட்டில சைக்கிள் மட்டுந்தானே இருக்குது."

"அது பிறகு பாப்பம்."

துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பத்தொரு வருடம் வேலை செய்த மனிசன் இவர். எத்தனையோ கப்பலைக் கயிறு போட்டு உள்ளே இழுத்து வந்தவர். இழுபடுகிற சாமானை வாங்குகிறவனுக்கு இழுக்கிற சாமானும் வேண்டும் என்பது இவருக்கா தெரியாது?

அந்தக் காசு எதற்கு வைத்த காசு என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கிண்ணியாவில் வீடு என்பது பெண்பிள்ளையின் சாமான். பெண்ணுக்கு வீடு கட்டி, வீட்டுப் பத்திரமான உறுதியை அவள் பெயரில் எழுதி, சாவியைக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்ற தாயும் தகப்பனும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கி, அடுத்த பெண்ணுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். முதல் வீட்டை மூத்தவள் றிஷானாவுக்குக் கொடுத்துவிட்டோம். அதன் பின்வளவில் இளையவள் ஹுஸ்னியாவுக்குச் சுவர் எழுப்பினோம். குசினிக்கும் ஓர் அறைக்கும் மட்டும் தகரம் போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அதற்குள் இருந்தோம். மிச்சம் எல்லாம் வானம்.

ஹுஸ்னியாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பெயர் அப்ராஸ். கட்டாரில் இருந்து வந்து, அடுத்த வேலை கிடைக்கும்வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறவர். அவருடைய தாய் றுமானா இரண்டு தரம் வந்து, மண்டபத்தில் நின்று, தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துவிட்டு, "மாரிக்கு முந்தி மூடிப்போடுங்க ஸுல்பிகா. கூரையில்லாட்டி நிக்காஹ்வும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது கூரை ஒரு தொப்பியாகி என் கையில் இருந்தது.

"உங்களுக்கு விசரா?" என்று கத்தினேன். "புள்ளைட கலியாணம் நிண்டா ஆர் பொறுப்பு?"

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஸுல்பிகா, ஒரு வீட்டைக் குடுத்தாச்சு. இந்த வீட்டையும் குடுக்கப் போறம். மறுகா நானும் நீயும் எங்க இரிக்கிற? மருமகன்ட வீட்டு மூலையில இருமிக்கொண்டா? இது சில்லு வெச்ச வீடு. இதை ஒருத்தனும் சீதனமாக் கேக்க ஏலாது. இது எனக்கும் உனக்கும் மட்டும்."

அந்தக் கேள்வி எனக்குள்ளும் கிடந்தது. ஆனால் கேள்வி சரி என்பதற்காகச் செய்த வேலையும் சரியாகிவிடுமா? முற்பணம் கட்டிய படிவத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

நான் திருகோணமலையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் உறுதி எழுதியவள். எவருடைய வேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஊருக்கே எழுதிக்கொடுத்தவள். ஒரு கடுதாசியைக் கண்டால் முதலில் பெயரைப் பார்ப்பேன், பிறகு திகதி, பிறகு அடியில் உள்ள சின்ன எழுத்து. பெயரைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன்.

வாங்குநர்: ஆதம்பாவா ஹுஸ்னியா.

"இஞ்சேருங்க," என்றேன். "ஒருத்தனும் சீதனமாக் கேக்க ஏலாத வீட்டை ஆர்ர பேரில எழுதி வெச்சிருக்கீங்க?"

அவர் படிவத்தை எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியது. "அந்தக் கடைப் பொடியன் 'வீடு, வீடு' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தான். வீட்டை ஆர்ர பேரில பதியிற, காக்கா, எண்டு கேட்டான். வீடு எண்டா புள்ளைட பேர்தானே எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்கு அவள்ட அடையாள அட்டைப் பிரதியும் பையில கிடந்த. குடுத்துட்டன்."

அல்லாஹ்வே! ஊர்க் கண்ணுக்குத் தப்பி ஒரு வீடு வாங்கப் போன மனிசன், பழக்கத்தில் அதையும் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சின்ன எழுத்தில் ஒரு வழி இருந்தது. முப்பது நாளுக்குள் எழுத்தில் ரத்துச் செய்தால் பத்து வீதம் கழித்து மிச்சத்தைத் தருவார்கள். முப்பது நாள் தாண்டினால் ஒரு சதமும் இல்லை. இருபத்தாறு நாள் போய்விட்டது.

அடுத்த நாள் காலை பஸ் ஏறினோம். அந்தக் கடை திருகோணமலையில் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கரவன் விற்கிற கடை என்றால் ஒரு கரவனாவது நிற்க வேண்டாமா? ஒன்றும் இல்லை. ஏசி போட்ட ஓர் அறை, தரையில் பச்சைப் பிளாஸ்டிக் புல், புல்லுக்கு மேல் இரண்டு மடக்குக் கதிரை, சுவர் முழுக்க ஒரு கடற்கரைப் படம். என் புருஷன் அந்தக் கதிரையில் அரை மணித்தியாலம் இருந்து, அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் காசைக் கட்டியிருக்கிறார். பின்னால் யன்னலைத் திறந்திருந்தால் உண்மையான கடல் தெரிந்திருக்கும். அதற்கு முற்பணமும் தேவையில்லை.

கடைக்காரன் ஜவ்பருக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் டை, உடம்பெல்லாம் அத்தர். "வாங்க காக்கா, வாங்க ராத்தா, இரிங்க" என்று அண்ணன், அக்கா முறை கொண்டாடி எங்களைப் புல்லில் இருத்தினான்.

"இருக்க வரல்ல தம்பி," என்றேன். "ரத்துச் செய்ய வந்தம்."

அவன் முகம் கோணவில்லை. "அதுக்கென்ன ராத்தா. படிவத்தில இருக்கிற மாதிரி செய்வம். பத்து வீதம் கழியும், மிச்சத்துக்குச் செக் தருவன். ஆனா நீங்களோ காக்காவோ ஒப்பம் வைக்க ஏலாது. மகள்தான் வாங்குநர். அவதான் எழுதித் தரணும்."

"காசைக் கட்டினது இவர்."

"கட்டினது காக்கா. உரிமைக்காரி மகள். உங்களுக்குத் தெரியாததா ராத்தா, நீங்க உறுதி எழுதின ஆள் எண்டு காக்கா சொன்னார்."

எனக்குச் சட்டம் சொல்லித் தருகிறான், அதுவும் சரியான சட்டம். படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஹுஸ்னியாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். நாற்பது சின்னஞ்சிறுசுகளோடு பகல் முழுக்கக் கத்துவதால் வீட்டில் குறைவாகத்தான் கதைப்பாள். பின்னேரம் சொன்னேன். தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "யோசிப்பம் உம்மா" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. முன்னறிவித்தல் ஒன்றும் இல்லாமல் றுமானா மகனையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூரை இன்னும் போடவில்லையே, என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்துகொண்டு கதிரைகளை இழுத்துப் போட்டேன். ஆனால் அந்த மனிசி ஒரு தரமும் மேலே பார்க்கவில்லை. வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"ஏன் ஸுல்பிகா, இந்த நல்ல செய்தியை எங்களுக்கு ஒளிச்சி வெச்ச?" என்றார்.

அப்ராஸ் கைத்தொலைபேசியை நீட்டினார். ஜவ்பரின் கடையின் பேஸ்புக் பக்கத்தில் என் புருஷனின் படம். மடக்குக் கதிரையில், நீலத் தொப்பியோடு, பல்லைக் காட்டிக்கொண்டு. கீழே, 'எமது புதிய வாடிக்கையாளர்'. ஊரே பார்த்திருக்கிறது. அலுமாரியில் ஒளித்தது எனக்கு மட்டுந்தான்.

"ஜவ்பர் என்ட கூட்டாளி, மாமி," என்றார் அப்ராஸ். "விசாரிச்சனான். ஹுஸ்னியாட பேரிலதானே எழுதியிரிக்கி. மாஷா அல்லாஹ், நல்ல வேலை. நான் எல்லாம் யோசிச்சி வெச்சிருக்கன். நிலாவெளியில கடற்கரையோட ஒரு துண்டு வளவை வாடகைக்கு எடுப்பம். கரவனை அங்க நிப்பாட்டி வெள்ளைக்காரனுக்கு விடுவம். சீசன்ல ஒரு நாளைக்கி இருபத்தையாயிரம்."

"மிச்ச இருபத்துநாலு லட்சம்?" என்று கேட்டேன்.

"அதை மாமா கட்டி முடிப்பார்தானே," என்றார் றுமானா. "கூரை இப்ப அவசரமில்ல. தகரத்தை இழுத்துப் போட்டுக்கூட நிக்காஹ்வை முடிக்கலாம். ஆனா கரவன் வந்து சேரணும். வராட்டி எங்கட பக்கத்து ஆக்களுக்கு நாங்க என்ன முகத்தோட சொல்லுற?"

நேற்றுவரை கூரை இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. இன்றைக்குக் கரவன் இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. நாளைக்கு இழுவைப் படகைக் கேட்பார்கள்.

குட்டு வெளிப்பட்ட நாளிலிருந்து என் புருஷன் அந்தத் தொப்பியைப் பகிரங்கமாகப் போட்டுக்கொண்டு திரிந்தார். இப்போதும் போட்டிருந்தார். "அது நானும் ஸுல்பிகாவும் இரிக்க வாங்கினது, மகன்" என்றார் மெதுவாக.

"ஓம் மாமா, நீங்களும் அங்கதான்," என்றார் அப்ராஸ் தாராளமாக. "காவலுக்கு ஆள் வேணுமே. வெள்ளைக்காரன் உள்ளுக்குப் படுப்பான், நீங்க வெளிய ஒரு கதிரையைப் போட்டுட்டு இருந்தாச் சரி. நல்ல கடல் காத்து."

ஆதம்பாவா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மூன்று நாளாக நான் அவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேள்வி கேட்டவள்தான். அது நான் கேட்கலாம். இந்தக் கண்ணாடிக்காரன் யார் கேட்க?

ஹுஸ்னியா தேத்தண்ணித் தட்டோடு வந்தவள், அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் நின்றாள்.

"வாப்பா எங்க படுப்பார்?" என்று கேட்டாள்.

அப்ராஸ் சிரித்தார். "பக்கத்தில ஒரு கொட்டில் அடிச்சிக் குடுக்கலாம்."

"உம்மா?"

"மாமி இஞ்ச எங்களோடதான். நீங்க படிப்பிக்கப் போனா வீட்டில சமையலுக்கு ஆள் வேணுந்தானே."

ஹுஸ்னியா தலையை ஆட்டினாள். பாலர் பிள்ளை ஒன்று தப்பாக எண்ணினால் ஆட்டுவதுபோல, கோபமில்லாமல். "உம்மா, அந்தப் படிவத்தைத் தாங்க" என்றாள். கொடுத்தேன். மேசையில் வைத்து விரலை ஓட்டி, ஏழாம் பந்தியில் நிறுத்தி, வாசித்தாள்.

"'காட்டப்பட்ட மாதிரிக்கும் ஒப்படைக்கப்படும் பொருளுக்கும் வேறுபாடு காணப்படின், செலுத்திய முற்பணம் முழுவதும் கழிவின்றித் திருப்பிச் செலுத்தப்படும்.' நல்ல மாதிரி எழுதியிருக்காங்க, என்ன மாமி?"

"எங்களுக்கு ஏன் இது?" என்றார் றுமானா.

"பேசி முடிக்க வரக்குள்ள நீங்க காட்டின மகன் வேற. இவர் வேற." சொல்லிக்கொண்டே படிப்பிக்கிற கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தாள். இரண்டு வரியில் ரத்துக் கடிதத்தை எழுதி, ஒப்பம் வைத்து, தகப்பனின் மடியில் தொப்பிக்கு மேல் வைத்தாள். "வாப்பா, இது கடைக்கு. நாளைக்கு வெள்ளி, கடை பூட்டு. சனிக்கிழமையோட முப்பது நாள். காலையிலேயே குடுத்துடுங்க. மாமி, உங்களுக்கு எழுதத் தேவையில்ல. வாயால சொல்லுறன். நாங்க தந்த அஞ்சு லட்சத்தையும் அனுப்பிப்போடுங்க."

அந்த ஐந்து லட்சம் கைக்கூலி. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற காசுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பத்து லட்சம் பேசி, பாதியைச் சம்பந்தம் முடிவான அன்றே கொடுத்திருந்தோம். மிச்சம் நிக்காஹ் அன்றைக்கு. என் நகையை விற்று, நானே பொதி கட்டி, என் கையாலேயே றுமானாவின் கையில் வைத்தேன்.

றுமானா எழும்பினார். முகத்தில் பல் எல்லாம் மறைந்துவிட்டது. "எந்த அஞ்சு லட்சம்?" என்றார். "ஆர் தந்த? ஆருக்கிட்டத் தந்த? எழுத்து இருக்கா?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் எழுத்து எழுதிக் கொடுத்தவளிடம் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. சம்பந்தி வீட்டில் ரசீது கேட்டால் மரியாதையா என்று அன்றைக்கு நினைத்தேன்.

மகனை இழுத்துக்கொண்டு வாசல்வரை போன றுமானா திரும்பி வந்தார். "எங்கட வெள்ளித் தட்டு ஒண்டு இஞ்ச நிக்கிது" என்றார். பேசி முடித்த அன்று அவர்கள் மஸ்கத் இனிப்பு வைத்துக் கொண்டுவந்த தட்டு. ஹுஸ்னியா குசினிக்குள் போய், அதைக் கழுவித் துடைத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

சனிக்கிழமை ஜவ்பர் கடிதத்தை வாங்கி, ஏழு லட்சத்து இருபதினாயிரத்துக்குச் செக் எழுதித் தந்தான். நான் வாய்க்கு வந்தபடியெல்லாம் ஏசத் தயாராகிப் போயிருந்தேன். அவன் எனக்கு அந்தச் சந்தர்ப்பத்தைத் தரவில்லை. தொப்பியைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

மாரிக்கு இரண்டு கிழமை முன்பு கூரை ஏறியது. உறுதி எழுத என் பழைய கந்தோருக்கு ஹுஸ்னியாவோடு போனேன். வீடு அவள் பெயருக்குத்தான். ஆனால் அவள் நொத்தாரிசை நிறுத்தி, இன்னொரு வரி போடச் சொன்னாள். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற சீவிய உரித்து. "இனி வாற மாப்பிள்ளை ஆரெண்டாலும் முதல்ல இந்த வரியை வாசிக்கட்டும்" என்றாள். இரண்டு பெண்களுக்கு வீடு கட்டினேன், அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

ஐந்து லட்சத்தைக் கேட்டு மூதூர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போனேன். சாட்சி இருக்கிறதா என்றார்கள், எழுத்து இருக்கிறதா என்றார்கள். றுமானா அல்லாஹ் பெயரில் சத்தியம் செய்து, வாங்கவே இல்லை என்கிறாராம். மூன்றாந்தரமும் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த அன்று நல்ல மழை. புதுக் கூரையின் கீழே, மண்டபத்தின் நடுவில் கதிரையைப் போட்டு, நீலத் தொப்பியோடு இருந்தார் என் புருஷன். நான் நனைந்த பர்தாவைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவர் ஏதோ கணக்குக் கேட்பதுபோல விரலை மடக்கினார்.

"ஸுல்பிகா, எட்டு லட்சத்துக்கு எனக்கு ரசீது தந்தாங்க. தொப்பி தந்தாங்க. கடைசியில காசையும் தந்தாங்க. அஞ்சு லட்சத்துக்கு உனக்கு என்ன தந்தாங்க?"

ஒரு தட்டு மஸ்கத் என்று சொல்ல வாயெடுத்தேன். தட்டையும் கொண்டு போய்விட்டார்களே.